பல்லில் கடித்த பறி

பேரை அப்பறம் சொல்லுறன். மொதல்ல நீ யாரு, எந்த ஆபீஸு, அதைச் சொல்லு. அட்டை வச்சிருக்கியா? கழுத்துல தொங்குதே அதா? படம் உன்னை மாதிரிதான் இருக்கு. இருந்தாலும் அட்டைய வச்சி நான் நம்பிட மாட்டன். டவுன்ல போட்டோ கடையில கேட்டா கலெக்டர் அட்டைகூட அடிச்சிக் குடுப்பான்.

உக்காரு, கோவிச்சிக்காத. தண்ணி வத்த இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். அது வரைக்கும் எனக்கும் வேலை இல்ல. அந்த போனை மட்டும் கவுத்து வையி. நாம பேசுறதை அது புடிச்சிக்கிதா? இல்லங்குற. நீ சொல்லுற, நான் எப்படி நம்புறது? கவுத்து வையி. அதுக்கு மேல உன் பையைத் தூக்கி வையி. ம், இப்ப சரி.

நான் பொறந்ததுலேருந்து இப்படி இல்ல பாப்பா. முன்ன ஒருத்தன் வந்தான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வார்த்தைக்கு வார்த்தை அக்கா அக்கான்னுவான். நண்டு எந்த மரத்து வேருக்கடியில பொந்து போடும், எந்த நாளுல ஓடு கழட்டும், பொந்து வாயில சேறு எப்படி இருந்தா உள்ள நண்டு இருக்குதுன்னு அர்த்தம், எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டான். எங்க ஆளுவளும் வெள்ளந்தியா சொன்னாங்க. அடுத்த மாசமே மோட்டார் படகுல இரும்புக் கூண்டு ஏத்திக்கிட்டு எவன் எவனோ வந்து எறங்கிட்டான். அவன்தான் சொல்லியிருப்பான். யாரும் கண்ணால பாக்கல. ஆனா எனக்குத் தெரியும்.

அதுக்கும் முன்ன ஜாதிச் சான்று கேட்டுப் போனோம். நாங்க இருளருங்கன்னு சொன்னோம். அங்க உக்காந்திருந்த ஆபீசர், "இருளர்னா பாம்பு புடிக்கணுமே, எங்க ஒண்ணு புடிச்சிக் காட்டுங்க பாப்போம்"னாரு. நாங்க உப்பங்கழியில கையால இறால் தடவுற ஆளுங்க சாமி, பாம்பைக் கண்டா நாங்களும் ஓடத்தான் செய்வோம்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. அப்ப நீங்க இருளரே இல்லன்னுட்டாரு. பாத்தியா? நாங்க யாருன்னு நாங்க சொன்னா எடுபடாது. எங்ககிட்டேருந்து கேட்டுக்கிட்டுப் போயி நீங்க சொன்னாத்தான் எடுபடும். அப்பறம் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

சரி, உன் விசயத்துக்கு வருவோம். மேற்கால பட்டுப் போன மரமெல்லாம் நிக்குதே, அங்க முன்ன ஓடை இருந்துதான்னு கேக்குற. மேலேருந்து எடுத்த படத்துல பாத்தேங்குற. சுத்தி எல்லாம் பச்சையா இருக்கு, அந்த எடம் மட்டும் வெளுத்துக் கெடக்குதுங்குற. இத்தினி ஊரு இருக்குது, இத்தினி காடு இருக்குது, குறிப்பா அந்த எடத்தைக் கேட்டுக்கிட்டு நேரா என்கிட்ட வந்து நிக்குறியே, உன்னை யாரு அனுப்புனா? தையநாயகியா? உண்மையச் சொல்லு. அவ என் நாத்தனா. ஊட்டுக்காரரு கூடப் பொறந்த தங்கச்சி. அவளா அனுப்புனா?

இல்லியா. சரி, இல்லன்னே வச்சிக்குவோம்.

எங்க வேலைய நீ பாத்திருக்கியா? போட்டிங் வர்றவங்க படகுல உக்காந்துக்கிட்டு போட்டோ எடுப்பாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. இடுப்பளவுத் தண்ணியில எறங்கி, குந்தி, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கிட்டே நகரணும். வலை கெடயாது, தூண்டி கெடயாது. முன்னால போறவ கால் பதிஞ்ச குழியில இறால் ஒதுங்கும். பின்னால வர்றவ அதைத் தடவி எடுப்பா. எடுத்ததைப் போடுறதுக்குப் பறி. பனையோலையில பின்னின கூடை, வாய் சின்னதா இருக்கும். கை ரெண்டும் சேத்துல இருக்குதே, பறியை எப்படிப் புடிக்கிறது? அதனால அதுங் கயித்தைப் பல்லுல கடிச்சிக்கிட்டுதான் போவோம். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். எங்க பொம்பளைங்க பல்லு போச்சுன்னா தொழில் போச்சு.

இதுல ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்ணு, கழித் தண்ணி வாய்க்குள்ள போயிக்கிட்டே இருக்கும். துப்பிக்கிட்டே தடவுவோம். ஆத்துத் தண்ணி கலந்திருக்கா, கடல் தண்ணி ஏறியிருக்கா, ஓடுற தண்ணியா, நின்னு கெட்ட தண்ணியா, நாக்குல பட்ட ஒடனே சொல்லிப்புடுவன். நீங்க கண்ணாடிக் குழாயில ஊத்தி, சாயம் விட்டு, ஆட்டி ஆட்டிப் பாக்குறீங்களே, அதுக்குள்ள நான் அரைப் பறி இறால் தடவிடுவன்.

இன்னொண்ணு, வேலை நேரத்துல எங்களுக்குள்ள பேச்சே கெடயாது. பல்லுல கயிறு இருக்கும்போது எங்கேருந்து பேசுறது? நானும் தையநாயகியும் எட்டு வருசம் பேசிக்கிட்டதில்ல. பக்கத்துப் பக்கத்துலதான் தடவுனோம். அவ ஓடையும் என் ஓடையும் அடுத்தடுத்து இருக்கு. பேச்சு அத்துப்போனது ஊருல ரொம்ப நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு பேரு வாயிலயும் பறி இருந்தா யாருக்குத் தெரியும்?

ஓடைன்னா என்னான்னு கேளு. பெரிய வாய்க்கா எல்லாருக்கும் பொது. காட்டுக்குள்ள பிரிஞ்சி போற சின்ன ஓடை மட்டும் இன்னாரு தடவுறதுன்னு வழக்கம் உண்டு. பட்டா கெடயாது, எழுத்து கெடயாது. அடுத்தவ ஓடையில எவளும் கை வைக்க மாட்டா. அது மட்டும் இல்ல, அவ ஓடையைப் பத்தி அவதான் பேசணும். மத்தவங்க வாயே தொறக்கக் கூடாது. உன் புருசனைப் பத்தி நான் பேசலாமா? அந்த மாதிரி.

மேற்கால கெடக்குதே, அது என் ஓடை. எங்க ஊட்டுக்காரரு தடவுனது. அவரு காமாலையில போயி பத்து வருசம் ஆவுது. ரெண்டு கரையிலயும் சுரபுன்னை நெருக்கமா நிக்கும். அதுக்கு உள்ள கண்டாமரம். சுரபுன்னைக் காயைப் பாத்திருக்கியா? மரத்துல இருக்கும்போதே மொளை விட்டு முருங்கைக்கா மாதிரி நீளமாத் தொங்கும். வுழுந்தா நேரா சேத்துல குத்திக்கிட்டு அங்கயே செடியா நிக்கும். அந்த ஓடையில இறால் எப்பவும் இருக்கும். இருந்துச்சி.

அப்பறம் உங்க ஆளுவ வந்தாங்க. மரம் நடுற ஆபீஸு. ஞானசேகரன்னு ஒரு சாரு. காட்டுக்குள்ள புதுசா வாய்க்கா வெட்டி தண்ணி உள்ள போயி வர்ற மாதிரி பண்ணப் போறோம், எங்க எங்க ஓடை இருக்குதுன்னு நீங்களே காட்டுங்கன்னாரு. கன்னியம்மன் கோயிலு எதிர்ல தரையைக் கூட்டி, கலர் கலரா கோலமாவு கொட்டி வச்சாரு. பச்சை காட்டுக்கு, நீலம் தண்ணிக்கு. அவங்க அவங்க ஓடையை அவங்க அவங்க வரைஞ்சாங்க. அதைப் பாத்து ஒரு பொண்ணு பேப்பருல போட்டுக்கிச்சி. அந்தப் பேப்பரைப் பாத்துதான் வாய்க்கா வெட்டுனாங்க. எல்லாரு ஓடைக்கும் தண்ணி வந்துச்சி. என் ஓடைக்கு மட்டும் வரல.

ஏன் வரலங்குற? பேப்பருல இல்ல. ஊரு ஓடையெல்லாம் இருக்கு, காசாம்பு ஓடை இல்ல. விட்டுட்டாங்க. காசாம்புன்னா நான்தான், பேரு வாயில வந்துடுச்சி, சரி எழுதிக்க. வேணும்னுதான் விட்டாங்க. தையநாயகி அன்னிக்கிப் பூரா அந்த சாருக்குப் பக்கத்துலயே நின்னா. நீலமாவுக் கிண்ணம் அவ கையிலதான் இருந்துச்சி. வேற என்னா சொல்லணும்?

மத்த ஓடைக்கெல்லாம் வேற பக்கத்துலேருந்தும் தண்ணி வந்ததால பொழச்சிக்கிச்சி. என் ஓடைக்குத் தண்ணி நொழைய ஒரே வாய்தான். அடுத்த வருசம் வந்த பெரு வெள்ளத்துல அந்த வாயில மணலு அடைச்சிப் போச்சு. நூறு அடி நீளத்துக்கு ஆளுயர மணலு. கையால அள்ளுற காரியமா? உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம அங்கயே நின்னுது. கண்டாமரத்துக்கு வேரு சேத்துலேருந்து குச்சி குச்சியா மேல நீட்டிக்கிட்டு நிக்கும். அதுலதான் மூச்சு வுடுது. தண்ணி ஏறும், எறங்கும், எறங்குற நேரத்துல அந்தக் குச்சிக்குக் காத்துப் படும். எறங்காம நின்னுதுன்னா மூச்சு முட்டிச் செத்துடும். வெயில்ல அந்தத் தண்ணியும் காஞ்சி, உப்பு பூத்து, உமரிப் பூண்டு மொளைச்சி, அது செவப்பா மாறிச்சின்னா மண்ணு கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் எனக்கு எவனும் கத்துக் குடுக்கல. உங்க சாரு இதையே படம் போட்டு அரை நாளு சொன்னாரு. நான் சிரிச்சிக்கிட்டன்.

என் ஓடையில தண்ணி நாக்குல பட்டப்ப கசந்துச்சி. உப்பு கரிக்கிறது வேற, இது கசப்பு. நின்ன தண்ணி. எலை மஞ்சளாச்சி. எனக்குத் தெரிஞ்சி போச்சு, என்னமோ பண்ணிட்டா அவ. வாயில மணலு வந்தது வெள்ளத்தாலன்னு ஊரு சொல்லும். வெள்ளம் எல்லாருக்குந்தான வந்துச்சி? என் வாயில மட்டும் எப்படி அடைக்கும்? அவ ஓடை பக்கத்துலயே ஜோரா ஓடிக்கிட்டிருக்கு.

போன வருசம் கார்த்திகை கழிச்சி ஒரு நாளு பாக்குறன், என் ஓடைத் தலைப்புக்கும் அவ ஓடைக்கும் நடுவுல ஒரு வெட்டு. இருவது அடி இருக்கும். மம்முட்டியால வெட்டி, சேத்தை ரெண்டு பக்கமும் குமிச்சி வச்சிருக்கு. ஈரம்கூடக் காயல. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சி. அவ எதுக்கு வெட்டியிருக்கான்னு நீயே சொல்லு பாப்போம். தண்ணி வத்துறப்ப இறால் தண்ணி போற பக்கம்தான் போவும். என் ஓடையில மிச்சம் மீதி இருக்குற நாலு இறாலையும் அவ பக்கம் எறக்கிக்கிறதுக்கு வழி பண்ணியிருக்கா. நான் என்னா மடச்சியா? குமிச்சி வச்ச சேத்தைக் காலாலயும் கையாலயும் தள்ளி, மிதிச்சி, மூடிட்டு வந்தன்.

அடுத்த மாசம் தேய்பிறை அட்டமி முடிஞ்சி போயிப் பாக்குறன், திரும்ப வெட்டியிருக்கு. திரும்ப மூடுனன். அடுத்த அட்டமிக்கும் அதேதான். நான் அதைக் கவனிச்சி வச்சிக்கிட்டன். அட்டமி நவமியில தண்ணி ஏத்தமும் இருக்காது, எறக்கமும் இருக்காது, சும்மா தூங்கும். சேறு வெட்ட அதுதான் தோது. தேய்பிறை அட்டமி கழிச்சி அமாவாசைக்குத்தான் பெருந்தண்ணி வரும். அவ அட்டமிக்கு வெட்டுவா, நான் அமாவாசைக்கு முன்ன மூடிடுவன். மூணு மாசம் இப்படியே போச்சு. பகல்ல பெரிய வாய்க்காயில ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல குந்தித் தடவுவோம். அவளுக்கும் தெரியும் மூடுறது நான்னு. எனக்கும் தெரியும் வெட்டுறது அவதான்னு. ஒரு வார்த்தை கெடயாது. பறியைக் கடிச்சிக்கிட்டு ஓரக் கண்ணால அவ கையையே பாப்பன்.

நாலாவது அட்டமி அன்னிக்கிக் கையுங் களவுமாப் புடிக்கணும்னு காலையிலயே போயி உக்காந்துட்டன். தில்லை மரத்துக்கு அந்தப் பக்கம். தில்லைக் கெளை ஒடிஞ்சி பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதனால எவளும் அதுகிட்ட ஒதுங்க மாட்டா. அதான் அந்த எடம் பாத்தன். வெயிலு ஏறுறப்ப வந்தா. பொடவையைத் தார்ப்பாச்சி கட்டிக்கிட்டு, மம்முட்டியோட. எறங்கி வெட்ட ஆரம்பிச்சா. பத்து வெட்டு வெட்டுவா, மம்முட்டிக் காம்புல சாஞ்சிக்கிட்டு நிப்பா. அவளுக்கு சக்கரை. ஒடம்புல ஒண்ணும் கெடயாது. நான் அரை மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தன். அப்பறம் எழுந்து போயி, "திருடி, புடிச்சன் பாத்தியா"ன்னன்.

அவ பயப்படல. நிமிந்து பாத்தா. அப்பத்தான் பாக்குறன், அவகிட்ட பறி இல்ல.

"எங்கடி பறி? எங்க ஒளிச்சி வச்சிருக்க?"ன்னு கேட்டன்.

"பறி எதுக்கு அண்ணி? நான் தடவ வரலியே"ன்னா.

நான் வுடல. வேரு சந்துல எல்லாம் கை வுட்டுத் தேடுனன். கரையில தேடுனன். கெடயாது. அதுக்கும் நான் மசியல. எதுக்கு வந்தான்னு இன்னும் தெரியலியே.

"இந்தத் தடவையாச்சும் மூடாத அண்ணி. அமாவாசைத் தண்ணி ஒரே ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போனாப் போதும், கரையோரத்துல இருக்குறது பொழச்சிக்கும்"னா.

"எது பொழைக்கும்?"

"அண்ணன் ஊனின மரம்"னா.

எனக்கு ஒண்ணும் புரியல. யாரு ஊனினதுன்னு கேட்டன். சுரபுன்னை தானா மொளைச்சதுன்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தன். நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே அது ஆளுயரம் நின்னுது. "ரெண்டு கரையும் மொட்டையாக் கெடந்துது அண்ணி. ஒரு ஐப்பசியில அண்ணனும் நானும் காய் பொறுக்கி ஊனினோம். நான் மடியில கட்டிக்கிட்டு வருவன், அண்ணன் ஒவ்வொண்ணா வாங்கி ஊனும். சாண் சாண் எடம் வுட்டு. தப்பா ஊனினா என்னைத் திட்டும்"னா. சொல்லும்போது சிரிச்சா பாப்பா. சேத்துல நின்னுக்கிட்டு, எட்டு வருசம் பேசாதவகிட்ட, அவ அண்ணன் திட்டுனதை நெனச்சி சிரிக்கிறா.

இருவத்தாறு வருசம் அவரோட குடும்பம் நடத்துனன். ஒரு நாளு இதை அவரு எங்கிட்ட சொன்னதில்ல. எனக்குக் கோவம் வந்துடுச்சி. அவரு மேலயா இவ மேலயான்னு தெரியல, ஆனா அவரு இல்லியே, இவதான நிக்குறா. "அவ்வளவு அக்கறை இருக்குறவ அன்னிக்கி அந்தப் பேப்பருல என் ஓடையைப் போட வைக்குறதுதான? பக்கத்துலயே நின்னியே கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு"ன்னன்.

அவ என்னையே பாத்தா. "போட்டனே அண்ணி. நீலமாவுல நான்தான் வரைஞ்சன். நீதான வந்து காலால அழிச்ச"ன்னா.

ஏன் அப்படிப் பாக்குற?

ஆமா. அழிச்சன். நான்தான் அழிச்சன். அதுக்கென்னா இப்ப? நண்டுக்காரன் வந்துட்டுப் போயி மூணு மாசம்தான் ஆயிருந்துது. ஊரே குந்திக்கிட்டு எல்லா ரகசியத்தையும் கலர் மாவுல கொட்டுறாங்க, ஒரு பொண்ணு அதைப் பேப்பருல எடுத்துக்கிட்டே இருக்கு. அதுல என் ஓடையும் போவுது. அதுவும் நான் சொல்லாம, இவ வரையுறா. என் ஓடையைப் பத்திப் பேச இவ யாரு? எழுந்து போயி நீலத்தைக் காலால தேச்சி அழிச்சிட்டு, "அங்க ஓடையெல்லாம் கெடயாது, வெறும் மேடு"ன்னன். அந்த சாரு, "நிச்சயமாம்மா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. "நான் வருசக் கணக்கா அங்க தடவுறன், எனக்குத் தெரியாதா"ன்னன். மேட்டுல எப்படித் தடவுறதுன்னு அவருக்கும் தோணல. எனக்கும் தோணல.

ஊரு பூரா நின்னுது. எல்லாருக்கும் தெரியும் அங்க ஓடை இருக்குதுன்னு. ஒருத்தர் வாயத் தொறக்கல. அவ ஓடையைப் பத்தி அவதான் பேசணும். இல்லன்னு அவ சொல்லிட்டா, அப்ப இல்ல. தையநாயகியும் பேசல. கிண்ணத்தைக் கீழ வச்சிட்டுப் போயிட்டா. அன்னியிலேருந்துதான் எங்களுக்குப் பேச்சு இல்ல. நான் என்னா நெனச்சன்னா, அவ குட்டு ஒடைஞ்சி போச்சு, அதான் மூஞ்சியைத் திருப்பிக்கிறான்னு நெனச்சன்.

அந்த அட்டமி அன்னிக்கி அவ சொன்னா, "நான் இத்தினி வருசத்துல யாருகிட்டயாச்சும் சொன்னனா அண்ணி? அண்ணன் பொண்டாட்டி பொய் சொன்னான்னு நாலு பேரு பேசக் கூடாதுன்னுதான் மம்முட்டியைத் தூக்குனன்"னா.

அதுக்கு நான் என்னா பண்ணுனன் தெரியுமா? கேக்காத. சரி, கேட்டுத்தான் தொலை. "உன் கை பட்ட தண்ணி என் ஓடைக்கு வாணாம், மரம் சாவட்டும்"னு சொல்லி, அவ பாக்கப் பாக்கவே வெட்டை மிதிச்சி மூடுனன். அவ மம்முட்டியை அங்கயே வுட்டுட்டுத் திரும்பி நடந்தா. வேரைத் தாண்டுறப்ப ஆளி ஓடு உள்ளங்காலைக் கிழிச்சிடுச்சி. வேரு பூரா ஒட்டிக்கிட்டிருக்குமே அந்தச் சிப்பி, பிளேடு மாதிரி இருக்கும். ஆளி எல்லாரையுந்தான் கிழிக்கும், என்னை எத்தினி தடவ கிழிச்சிருக்கு! அதுக்கு நான் என்னா செய்வன்? ஆனா அவளுக்கு சக்கரையாச்சே. சீழ் வச்சி, ஆஸ்பத்திரியில ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க. இனிமே சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கால் வைக்காம எங்க சாதியில எவ பொழைக்கிறது?

நான் ஆஸ்பத்திரிக்குப் போவல. எந்த மூஞ்சியோட போறது? ஓடைக்குத்தான் போனன். மம்முட்டி அங்கயே சாஞ்சி கெடந்துச்சி. ரெண்டு நாளு அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தன். மூணாம் நாளு எடுத்து வெட்டுனன். ஏன்னு எங்கிட்ட கேக்காத. என் ஓடை, வெட்டுனன். இருவது அடியும் வெட்டுனன். அமாவாசைக்குப் போயி எறங்கிக் குந்துனன், பறியைக் கடிச்சிக்கிட்டு. தண்ணி அவ பக்கத்துலேருந்து சளசளன்னு உள்ள ஏறுது. நாக்குல பட்டுச்சி. கசப்பு இல்ல பாப்பா. ஓடுற தண்ணி. பறி வாயிலேருந்து வுழுந்துடுச்சி. நான் தடவ ஆரம்பிச்ச நாளுலேருந்து ஒரு தடவகூட வுழுந்ததில்ல.

அப்பக்கூட என் புத்தி போவுதா பாரு. இறால் திரும்பி வந்ததும் இவ ஆளு வுட்டுத் தடவுவா, அதுக்குத்தான் இவ்வளவும்னு ஒரு மாசம் காவல் காத்தன். அவ மருமவ வரல, அவ மவ வரல, ஒரு காக்கா குருவி வரல. பங்கு கேட்டுச் சொல்லியும் அனுப்பல. இன்னியவரைக்கும் கேக்கல.

அந்த வெட்டு நிக்கல. சேறு, பத்து நாளுல கூடிக்குது. ஒருத்தி கையால ஆவுற வேலை இல்ல. உங்க மிஷினு வந்து ஆழமா வெட்டுனாத்தான் நிக்கும். மேல இருக்குற கண்டாமரம் எல்லாம் போச்சு, அதை வுடு. கரையோர சுரபுன்னையில ஒரு அம்பது அறுவது இன்னும் பச்சையா இருக்கு. வர்ற கோடை தாங்காது. நீ சொல்லுற, பழைய பேப்பருல ஓடை இல்லாத எடத்துல வெட்ட மாட்டோம், இருந்துதுன்னு ஊரு கூட்டத்துல யாராவது சொன்னாத்தான் வெட்டுவோம்னு. யாரு சொல்லுவா? ஊரு சொல்லாது. தையநாயகி செத்தாலும் சொல்ல மாட்டா. அது இல்லன்னு சொன்னவ வாயாலதான் இருக்குன்னு வரணும். அதையும் ஊரு பூரா நிக்குறப்ப சொல்லணும்.

கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான? அந்தக் கோயிலு எதிர்லதான? வர்றன். வந்து சொல்லுறன். எல்லாரும் என்னா பேசுவாங்கன்னு தெரியும். பேசட்டும்.

சரி, பேப்பரை எடு. இப்பவே எழுதிக்க, சாயங்காலத்துக்குள்ள என் மனசு மாறுனாலும் மாறும், என்னை எனக்கே நம்பிக்கை இல்ல. எழுது. அங்க ஓடை இருந்துது. இப்பவும் இருக்கு. இல்லன்னு பொய் சொன்னவ காசாம்பு. பொய்யின்னே எழுது, அழகா வேற வார்த்தை போடாத.

அதுக்குக் கீழ என்னா கேக்குது? யாரு தடவுற ஓடைன்னா? தையநாயகின்னு எழுது. ஏன் என் மூஞ்சியைப் பாக்குற? நான் சரியாத்தான் சொல்லுறன். சாயங்காலம் நான் பேசி முடிக்கிற வரைக்குந்தான் அது என் ஓடை. அப்பறம் அதைப் பத்தி அவதான் பேசணும். நான் தடவலாமா கூடாதான்னு அவ சொல்லட்டும். கால் வைக்க முடியாதவளுக்கு ஓடை எதுக்குன்னு கேக்குறியா? அதெல்லாம் உனக்கு எதுக்கு? எழுது.

எழுதிட்டியா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீ வேற எதாச்சும் எழுதியிருப்ப. படிச்சிக் காட்டு.

ம்.

அந்தக் கடைசி வரி, அவ பேரு இருக்குதே, அதை மட்டும் இன்னொரு தடவ படி.